கிருமிக்கு ஜாதகம் பார்த்தவர்

உலகத்தில் எத்தனையோ பேர் கிருமியைக் கொன்றிருக்கிறார்கள். கிருமிக்கு ஜாதகம் பார்த்து, ‘குணம் தங்கம், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது’ என்று நற்சான்று கொடுத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்தவரை, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். அவருடைய நிஜப் பெயர் வாடகைப் பத்திரத்தில் இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. தெருவுக்கு அவர் கிருமி ஜோசியர்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கையைக் கழுவிவிட்டுக் குழாயையும் கழுவுகிறவள். “உன்னைக் கல்யாணம் பண்ணின நாளா நான் ஈரமாவே இருக்கேன்” என்பார் என் கணவர். எங்கள் வீட்டு வாசலில் நான் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தேன். கொம்பும் கோரைப்பல்லும் வைத்த ஒரு பச்சை நிறக் கிருமி, அதன் தலையில் ஒரு சோப்பு. கீழே ‘கிருமிகளை ஒழிப்போம்’. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்தது.

வீடு பார்க்க வந்த அன்று அவர் அந்தப் போஸ்டர் முன்னால் வெகுநேரம் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, கசங்கிய சட்டை, பை நிறைய சின்னச் சின்ன மூடி போட்ட குழாய்கள்.

“இது யாரு வரைஞ்சது?”

“பசங்க.”

“அழகாத்தான் இருக்குது. ஆனா இவரு எங்க ஊர்ல இருக்கிற யாரு மாதிரியும் இல்லையே” என்றார், வருத்தமாக. அவர் ஊர் முசரவாக்கம். அவர் சொன்னது முசரவாக்கத்துக் கிருமிகளை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

குடி வருகிறவர்கள் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். இவர் மாடிச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு வெள்ளையடிச்சு எத்தினி வருஷம் ஆவுது?” என்றார். பன்னிரண்டு வருடம் என்று கூச்சத்தோடு சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரமே இரண்டு ஃபிரிட்ஜுடன் வந்து சேர்ந்தார். கட்டில் கிடையாது, அடுப்பு கிடையாது. ஒரு ஃபிரிட்ஜில் கிருமி, இன்னொன்றில் அதைவிடக் கொஞ்சம் முக்கியமான கிருமி. தயிர் வைக்க இடமில்லாமல் எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்தார். மூடியில் தன் பெயரெழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஜோசியர் என்ற பட்டத்தைக் கொடுத்தது தெருமுனைச் சரிகைக் கடை பாய். கடைக்கு வந்து சரிகை உருளை மேல் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக்கொண்டிருந்தவரை பாய் விசாரித்திருக்கிறார்.

“என்னா சார் பண்றீங்க நம்ம கடையில?”

“உங்க கடையில இருக்கிற கிருமியைக் கொஞ்சம் எடுத்துக்கினு போறேன் பாய்.”

“அல்லா. எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க சார், யாரு வேணாம்னா?”

“அப்படிச் சொல்லாதீங்க. இதுல முக்காவாசி சாதுங்க. யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஒவ்வொண்ணுக்கும் உள்ளாற ஒரு எழுத்து வரிசை இருக்குது. ஜீனோம்னு பேரு. மெட்ராஸ்ல மெஷின்ல கொடுத்தா அதைப் படிச்சு அனுப்புவாங்க. அதுல விஷம் செய்யற சமாச்சாரம் இருக்குதா, மருந்துக்கு மசியாத குணம் இருக்குதா, அந்தக் குணத்தை அடுத்ததுக்கு ஒட்ட வைக்குமான்னு உக்காந்து பார்ப்பேன்.”

பாய் யோசித்தார். “ஜாதகம் பாக்கறீங்க.”

“ஆமான்னு வச்சிக்குங்களேன்.”

“தோஷம் இருக்குதான்னு.”

“அதேதான் பாய்.”

முடிந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை என் வீட்டு மாடிப்படியில் ஏழு பெண்கள் கிண்ணத்துடன் வரிசையில் நின்றார்கள். இட்லி மாவு, மோர், ஊறுகாய், ஒருத்தி கையில் மட்டும் அவள் வீட்டுக்காரரின் சாக்ஸ். ஜோசியர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கி, பெயர், வீட்டு எண் எழுதி, தட்டில் தடவி வைத்தார். சாக்ஸைப் பற்றி மட்டும், “இதை இப்ப ஆராய எனக்கு வசதி பத்தாது” என்று ஒப்புக்கொண்டார்.

இது இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த தெருவில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிற நிலை. பத்துப் பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. பதினோராவதாகக் கிருமிப் பொருத்தமும் பார்த்துவிடலாமென்று யாரோ கிளப்பிவிட, இரு வீட்டாரும் ஆளுக்கொரு தயிர்ப் பாத்திரத்தோடு மாடியேறினார்கள். பெண்ணின் அம்மா படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். “எங்க மாமியாருக்கு மாமியார் காலத்து உறை. ஒரு நாள் கூட விட்டுப்போனதில்ல.”

மூன்று வாரம் கழித்து ஜோசியர் முடிவைச் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. எதை எப்போது சொல்லக் கூடாது என்பதும் தெரியாது.

“ரெண்டுமே நல்ல தயிர். தோஷம் ஒண்ணும் கெடையாது. ஆனா பொண்ணு வீட்டுத் தயிர்ல இருக்கிறதும் கடையில விக்கிற பாக்கெட் தயிர்ல இருக்கிறதும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணாவே இருக்குது. அந்தக் காலத்துலயே பாக்கெட் வந்துடுச்சாம்மா?”

பெண்ணின் அம்மா அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாகக் கோயிலுக்குப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். கல்யாணம் மட்டும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் பாக்கெட் தயிர்தான் என்று ஜோசியர் இரண்டாவதாகச் சொன்னதுதான் காரணம்.

இப்படி எல்லாப் பாத்திரத்தையும் முகர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தவர், ஒரு நாள் எதிர்வீட்டு ஏகாம்பரத்தின் கஞ்சிப் பானை முன்னால் வந்து நின்றார்.

ஏகாம்பரம் பட்டு நெசவாளி. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்கு விறைப்பு வர, தெருவில் அதை நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். எல்லோரும் அன்றன்றைக்குக் காய்ச்சிய கஞ்சியைத் தடவுவார்கள். ஏகாம்பரம் மட்டும் பழைய கஞ்சியில் ஒரு கரண்டி விட்டுவைத்து, அதன் மேல்தான் புதுக்கஞ்சி ஊற்றுவார். அவர் அப்பா அப்படிச் செய்தாராம். அந்தப் பானையைக் கழுவி ஒருவரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு வாசலில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் எனக்குக் கை பரபரக்கும்.

அந்தப் பானையிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார் ஜோசியர். ஜாதகம் பார்த்தார். தோஷமே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், சென்னையில் ஒரு நண்பரின் ஆய்வுக்கூடத்தில் அதை மனித ரத்தத்துக் காவல் செல்களோடு தட்டில் விட்டபோது, தூங்கிக்கொண்டிருந்த செல்கள் சுறுசுறுப்பாகிவிட்டன. செய்தி வந்த அன்று ஜோசியர் மாடியிலிருந்து மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி, ஏகாம்பரத்தின் தறிக்குழி ஓரம் போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஏகாம்பரம், நம்ம உடம்புல காவல்காரங்க இருக்காங்க. புத்துநோய் செல்லு மாதிரி திருட்டுப் பயலுங்க எதிர்லயே நடந்துக்கினு இருந்தாலும் சில நேரம் கண்டுக்க மாட்டாங்க. தூங்கிடுவாங்க. உங்க வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா என்னா ஆவுது?”

“அதை ஏன் கேக்கறீங்க ஜோசியரே” என்றார் ஏகாம்பரம். “படுத்துக்கினு இருக்கிற எல்லாரும் எழுந்து நிக்கணும்.”

“அவரு எதனா கெடுதல் பண்றாரா?”

“கெடுதலும் பண்ணல, வேலையும் பண்ணல. சும்மா வந்து குந்திக்கினு இருப்பாரு.”

“அதேதான். இந்தக் கிருமி சும்மா வந்து குந்துது. காவல்காரங்க எல்லாம் எழுந்துடறாங்க. எழுந்தவங்க கண்ணுல திருடன் மாட்டலாம். மாட்டுவான்னு நான் சொல்லல, மாட்டலாம். இன்னும் தட்டுலதான் இருக்குது. மருந்தாவணும்னா வருஷக்கணக்குல வேலை பாக்கி.”

அன்று முதல் அந்தக் கிருமிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். ‘வருஷக்கணக்கு’ என்ற வார்த்தை மட்டும் ஏகாம்பரத்தின் காதில் ஏறவில்லை. அடுத்த முறை நிஜ மாப்பிள்ளை விருந்துக்கு வந்தபோது ஒரு டம்ளர் புளித்த கஞ்சியை நீட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஜோசியர் ஒரு அட்டையில் ‘குடிக்கக் கூடாது. இது மருந்து இல்லை. இன்னும் இல்லை’ என்று எழுதிப் பானையில் கட்டிவிட்டார். அந்த ‘இன்னும்’ என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு நாள் தயிர் எடுக்க வந்தபோதுதான் தெரிந்தது. சென்னையில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலையில் இருந்தவராம். ஆறு வருடத்துக்கு முன்னால் இப்படியே ஒரு சாதுக் கிருமியைக் கண்டுபிடித்து மேடையில் சொல்லியிருக்கிறார். அது அவர் சொன்ன இடத்துக் கிருமியே அல்ல, அவருடைய தட்டில் தானாக வந்து விழுந்த தூசி என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து நிரூபித்துவிட்டார். சபை முழுக்கச் சிரிப்பு.

“அதுக்கப்புறம் வராந்தாவுல போனா ‘தூசி’ வர்றான்னு சொல்லுவாங்க டீச்சர். ஒரு வருஷம் பொறுத்துக்கினேன். அப்புறம் ரெண்டு ஃபிரிட்ஜ் வாங்கிக்கினு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது மாப்பிள்ளையைச் சோதிக்க அதே ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவும் உதவியாளரும் வரப்போகிறார்கள். ஒரே நிபந்தனை. அவருடைய ஃபிரிட்ஜிலிருந்து எதையும் தொட மாட்டார்கள். பானை இருக்கிற இடத்துக்கே வந்து, தங்கள் கையாலேயே எடுத்துப்போய், தங்கள் மெஷினிலேயே படிப்பார்கள். மாப்பிள்ளை அங்கிருந்தால் ஜோசியருக்கு வேலை, மேஜை, மானம் மூன்றும் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் சாகும்வரை தூசி.

அவர்களைக் காரில் கூட்டிவர விடியற்காலையிலேயே சென்னைக்குக் கிளம்பினார். படியிறங்கும்போது என்னிடம், “பானைக்கு நீங்கதான் பொறுப்பு டீச்சர்” என்றார்.

என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அதை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. வரப்போகிறவர்கள் டாக்டர்கள். எதிர்வீட்டு வாசலில் பாசி பிடித்த மாதிரி ஒரு பானை. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி மரகதத்தைக் கூப்பிட்டேன்.

“டாக்டருங்க வந்து இதைப் பார்த்தா நம்ம தெருவைப் பத்தி என்ன நினைப்பாங்க மரகதம்?”

“அதானே டீச்சர். எனக்கும் மானக்கேடா இருக்குது. இத்தினி வருஷமா இவரு வுட்டாதானே” என்றாள்.

அடி வண்டலைச் சாக்கடையில் ஊற்றினோம். புளி போட்டுத் தேய்த்தோம். சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினோம். எனக்கு மனசு ஆறாமல் பள்ளிக்கூடத்துக் கழிவறைக்கு வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து கரைத்து ஊற்றினேன். கஞ்சி தடவுகிற பிரஷ்ஷும் அதிலேயே ஊறியது. வெயிலில் காயவைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வாயில் மாவிலையும் தேங்காயும் வைத்து நிறுத்தினோம். பானை கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஏகாம்பரம் வெளியே போயிருந்தவர் வந்து பார்த்துவிட்டு, “நம்ம பானையா இது?” என்று கண் கலங்கினார். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. ஜோசியர் முதலில் இறங்கினார். பானையைப் பார்த்தார். மாவிலையைக் கையில் எடுத்துக்கொண்டு, தேங்காயைத் தரையில் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அதில் தன் முகமே தெரிந்திருக்க வேண்டும்.

“கழுவுனீங்களா டீச்சர்?”

“நல்லா கழுவிட்டேன் சார்.”

“வெந்நீரா?”

“கொதிக்கக் கொதிக்க.”

“பரவால்ல” என்றார். “இது வெந்நீருக்குச் சாவாது. விதை மாதிரி சுருண்டு படுத்துக்கும். கஞ்சி சூட்டையே தாங்கற பய. வேற எதனா போட்டீங்களா?”

“பிளீச்சிங் பவுடர்.”

“ஒரு தடவையா?”

“ரெண்டு தடவை.”

அவர் ஏகாம்பரத்தின் வாசற்படியில் உட்கார்ந்தார். கையில் இருந்த மாவிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ‘கிருமிகளை ஒழிப்போம்’ என்று கத்தியவள் நான். ஒழித்தே விட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு பானையைச் சுரண்டிப் பார்த்தார். மஞ்சள்தான் வந்தது. “வேற எதுலயாவது இந்தக் கஞ்சி இருக்கா?” என்றார். தறியில் இருந்த புடவையை முந்தின நாள்தான் அறுத்துக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். புதுப் பாவு இன்னும் ஏற்றவில்லை. உதவியாளர் பெட்டியை மூட ஆரம்பித்துவிட்டார். “ஸாரி சார்” என்று அவர் சொன்ன தொனியில் ‘தூசி’ கேட்டது.

அப்போதுதான் மரகதம் உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு வந்தாள்.

“கஞ்சிதானே வேணும்? டீச்சர் பொடவையில பூரா நம்ம கஞ்சிதானே.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் காட்டன் புடவைகளின் மொடமொடப்பு எங்கள் பள்ளியில் பிரசித்தம். நான் வராந்தாவில் வருவதற்கு முன்னால் என் புடவைச் சத்தம் வரும், வகுப்பு அடங்கிவிடும். கஞ்சி போட்டு இஸ்திரி போடுவது மரகதம். அதற்காகக் கடையில் கஞ்சி மாவுப் பாக்கெட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பதினாலு வருடமாக.

“பாக்கெட் மாவு?” என்றேன்.

“அது எங்க டீச்சர் நிக்குது? அதை வாசல்ல கோலம் போட்டுடுவேன். உங்களுக்குப் பானையில இருந்துதான் ஒரு சொம்பு.”

தெருவே என்னைப் பார்த்தது. பதினாலு வருடம் நான் மாப்பிள்ளையை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு நின்றுதான் கை கழுவும் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு ஜலதோஷம் கூட அதனால் வந்ததில்லை.

ஜோசியர் எழுந்துவிட்டார். “டீச்சர், கட்டாத பொடவை எதனா இருக்குதா?”

முந்தின நாள் மரகதம் கொடுத்த மூன்று புடவைகள், செய்தித்தாளில் சுற்றியது சுற்றியபடி என் வீட்டு மேஜையில் இருந்தன. யாரும் கட்டவில்லை, ஜோசியர் தொடவேயில்லை. டாக்டரம்மா தானே வந்து பிரித்தார். மேலாக இருந்தது என் கத்தரிப்பூ நிறப் புடவை. நான் நல்லாசிரியர் பரிசு வாங்கினபோது கட்டியது.

“உள் ஓரமா ஒரு துண்டு வெட்டிக்கலாமா?” என்றார் டாக்டரம்மா.

“உள்ள வாணாம் மேடம், முந்தானையில வெட்டுங்க. அங்கதான் கஞ்சி கெட்டியா நிக்கும்” என்றார் ஜோசியர். இந்த மனிதருக்கு எதை எப்போது சொல்லக் கூடாது என்பது தெரியாது என்று சொன்னேனே.

நடு முந்தானையில், உள்ளங்கை அகலத்துக்கு, சதுரமாக வெட்டினார்கள். சரிகைக் கடை பாய் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். துண்டு கண்ணாடிக் குப்பிக்குள் போனது. “ஜல்தி முடிவு சொல்லுங்கம்மா, தெரு பூரா காத்துக்கினு இருக்கும்” என்று பாய் காருக்குள் தலையை விட்டுச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஐந்து வாரம் ஜோசியர் என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தயிர் எடுக்க வரும்போதெல்லாம், “இஸ்திரிச் சூட்டுல சாவாது டீச்சர், கவலப்படாதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். நான் அந்த ஐந்து வாரமும் பானையை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தினார். கீழே எட்டிப் பார்த்தார்.

“டீச்சர். எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்குதாம். மாப்பிள்ளை உங்க பொடவையிலதான் இருக்காரு.”

சொல்லிவிட்டு மேலேயே உட்கார்ந்து அழுதார். கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். எதிர்வீட்டில் ஏகாம்பரம் தறியை நிறுத்திவிட்டு, தன் நிஜ மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து ஓடிவந்தார்.

மாதம் முடிவதற்குள் இரண்டு ஃபிரிட்ஜும் சென்னைக்குத் திரும்பிப் போயின. தன்னைத் ‘தூசி’ என்ற அதே ஆய்வுக்கூடத்தில் அவர் இப்போது இருக்கிறார். மாப்பிள்ளை இன்னும் தட்டைத் தாண்டவில்லை, எலி வரைக்கும் போகப் பார்க்கிறாராம். ஏகாம்பரத்தின் பானைக்காக, செய்தித்தாளில் இருந்த இன்னொரு புடவையின் முந்தானையிலும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாகிவிட்டது. அதை ஊறவைத்துத்தான் மறுபடி உறை ஊற்றினார்கள். போஸ்டரைக் கிழிக்கவில்லை, ‘கிருமிகளை’ என்பதற்கு முன்னால் ‘கெட்ட’ என்று நானே எழுதிச் சேர்த்தேன். அவரில்லாத மாடிக்கு மூன்று பேர் வந்து போனார்கள். எல்லோரும் தண்ணீர் வருமா என்றுதான் கேட்டார்கள், எனக்கு யாரையும் பிடிக்கவில்லை.

பொங்கலன்று போன் பண்ணுவார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “டீச்சர், கத்தரிப்பூ கலர்?” என்பார்.

“அலமாரியில இருக்குது சார்.”

“துவைச்சிடலியே?”

கழுவின குழாயைக் கழுவுகிறவள் நான். முந்தானையில் சன்னல் மாதிரி ஓட்டையுள்ள அந்தப் புடவையைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தது வைத்தபடி வைத்திருக்கிறேன்.

“இல்ல சார்,” என்பேன். “துவைக்கல.”